மொட்டைக் கோபுரத்துக்கு மேலே ஓர் ஆள்

பெரிய கடைவீதி பிறை ஸ்டுடியோ நஜிமுதீனுக்குக் கல்யாண ஜோடிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தது. அலுக்காமல் என்ன செய்யும்? பதினெட்டு வருஷமாக அதே படுதா, படுதாவில் அதே ஏரி, ஏரியில் அதே இரண்டு அன்னம். முன்னால் நாற்காலியில் இரவல் கோட்டுப் போட்ட மாப்பிள்ளை. பக்கத்தில் மூச்சுக்கூட விடப் பயந்து நிற்கும் பெண். "அசையாம இருங்க!" என்று நஜிமுதீன் ஓர் அதட்டல் போடுவார். சாதுவான மனுஷனுக்கு அந்த ஒரு குரல் எங்கிருந்துதான் வருமோ, கடைவீதியில் போகிற மாட்டு வண்டி கூட நின்றுவிடும் என்று அவர் மனைவி கமர் ஜஹான் கேலி செய்வாள்.

ஸ்டுடியோவில் இருந்தது பழைய பெட்டிக் கேமரா. அதன் முதுகில் தேய்த்த கண்ணாடி ஒன்று உண்டு. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், எதிரே இருப்பதெல்லாம் அந்தக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும். கேமராவின் குணம் அப்படி. திருச்சியின் பாதிக் கல்யாணப் பெண்களை நஜிமுதீன் முதலில் பார்த்ததே தலைகீழாகத்தான்.

"என்னையும் அப்படிப் பார்த்துத்தான் பிடிச்சுதாக்கும்?" என்று கேட்பாள் கமர் ஜஹான்.

"ஆமா. நேரா பார்த்திருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேன்."

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாசம், பொன்மலையிலிருந்து தைரியராஜ் வந்தான். ரயில்வே பட்டறையில் பிட்டர். முப்பது வயசு. வருஷா வருஷம் ஒரு கோப்பையோடு வந்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அன்னங்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவான். கம்பு ஊன்றித் தாண்டுகிறவன் அவன். நீள மூங்கில் கம்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, தரையில் ஊன்றி, அதன் பலத்திலேயே எழும்பி, இரண்டு ஆள் உயரத்தில் வைத்திருக்கிற குச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் மணலில் விழ வேண்டும். ரயில்வேக்காரர்கள் அவனை எந்தப் பந்தயத்துக்கு அழைத்துப் போனாலும் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

இந்தத் தடவை அவன் கையில் கோப்பை இல்லை.

"பாய், கோப்பையோட நிக்கிற போட்டோ எங்க வீட்டுச் சுவர் பூரா இருக்கு. தாண்டுற போட்டோ ஒண்ணுகூட இல்லை."

"எடுத்துட்டாப் போச்சு. வெயில் போகட்டும், ஆடி ஆவணியில..."

"ஆடி ஆவணியெல்லாம் எனக்கு இல்லை பாய்." தைரியராஜ் கால்சட்டையை மேலே சுருட்டி வலது முழங்காலைக் காட்டினான். மாம்பழம் வைத்துக் கட்டினது போல வீங்கியிருந்தது. "மாசியோட கம்பைக் கீழே போட்டுடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. மீறினா நடக்கவே முடியாதாம். பங்குனியிலேருந்து எனக்கு ஆபீஸ்ல உக்காந்து வருகை எழுதுற வேலை."

நஜிமுதீன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரவைத்தார்.

"பன்னெண்டு வருஷமா மேல போறேன், கீழ வரேன்" என்றான் தைரியராஜ். "மேல இருக்கறப்ப எப்படி இருக்கேன்னு எனக்கே தெரியாது. பார்த்தவங்களைக் கேட்டா நல்லாயிருந்துச்சுங்கறாங்க. என்னய்யா நல்லாயிருந்துச்சுன்னா, அது ஒண்ணும் சொல்லத் தெரியலை. அதை நான் ஒரே ஒரு தடவை பார்த்துட்டாப் போதும் பாய். அப்புறம் எத்தனை வருஷம் வேணும்னாலும் உக்காந்து பேரு எழுதுவேன்."

கேட்டவர் நஜிமுதீன் ஆயிற்றே! வேறு ஆளாக இருந்தால் ஒரு தேதி சொல்லி, பொன்மலை மைதானத்துக்குப் போய், ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்திருப்பார். விஷயம் அதோடு முடிந்திருக்கும். நஜிமுதீனுக்கு எதையும் அப்படிச் சின்னதாக நினைக்க வராது. மறுநாள் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க ஸ்ரீரங்கம் பஸ்ஸில் போனார். காவேரிப் பாலம் தாண்டி, தென்னந்தோப்பு தாண்டி, மொட்டைக் கோபுரம் எதிரே வந்தது. எந்தக் காலத்திலோ யாரோ ராஜா கட்ட ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன கோபுரம். கீழே மலை மாதிரிக் கல். அதற்கு மேல் ஒன்றுமில்லை, வெறும் ஆகாசம். ஆயிரம் தடவை பார்த்ததுதான். அன்றைக்கு என்னவோ அந்த வெறும் ஆகாசத்தில், மேல் நிலைகளெல்லாம் வந்திருக்க வேண்டிய இடத்தில், தைரியராஜ் நின்றான். கையில் மூங்கில் கம்பு, பின்னால் வெயில். அந்தரத்தில் அப்படியே நின்றான். கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்டுவிட்டு, மூன்றாம் தடவை தோளைத் தட்டினார்.

இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய், நடந்து திரும்பி வந்தார் நஜிமுதீன். அறுபதாம் கல்யாணத் தம்பதிகள் அன்று படத்தில் எப்படி விழுந்தார்கள் என்று கேட்காதீர்கள்.

மதராஸில் ஒரு வாரப் பத்திரிகை. இவர் எடுத்த காவேரி வெள்ளப் படம் ஒன்றை முன்பு போட்டிருந்தது. அவர்களுக்கு எழுதினார். பதில் வந்தது. சித்திரை மலர் அட்டைக்கு மூன்று வர்ணத்தில் போடலாம், படம் பிரமாதமாக இருக்க வேண்டும், செலவு கூலி சகலமும் சேர்த்து நூற்றைம்பது ரூபாய். நஜிமுதீனுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு திட்டம் போட உட்கார்ந்தார்.

கமர் ஜஹான் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். வீட்டில் காசு கணக்கெல்லாம் அவள் பொறுப்பு. கனவு மட்டும்தான் அவர் பொறுப்பு.

"மதராஸ்லேருந்து கேமரா வாடகை எழுபத்தஞ்சா? யா அல்லாஹ்! நம்ம கேமராவுக்கு என்ன கேடு?"

"நம்மது உக்காந்திருக்கறவங்களைத்தான் பிடிக்கும் கமரு. பறக்கறவனைப் பிடிக்க வேகமா மூடித் திறக்கிற கேமரா வேணும்."

"சரி. மணல் நாலு வண்டி?"

"விழறதுக்கு. முழங்கால் வீங்கினவன், வெறுந்தரையில விழ முடியுமா? அடியில போட வைக்கோல் வேற."

"பள்ளம் தோண்டக் கூலி. பள்ளம் எதுக்குங்க?"

"நான் இறங்கி நிக்கத்தான். நான் பள்ளத்துல நின்னாத்தான் அவன் கோபுரத்துக்கு மேல தெரிவான்."

அவள் சற்று யோசித்துவிட்டு அடுத்ததைப் படித்தாள். கம்பை எந்த பஸ்ஸிலும் ஏற்றமாட்டார்கள் என்பதால் அதற்கு ஒரு வண்டி. குச்சியைத் தாங்க இரண்டு பக்கமும் நட மூங்கில். எல்லோருக்கும் பிரியாணி. அதற்குக் கீழே வெள்ளைக் குதிரை ஒன்று என்று எழுதியிருந்தது.

"குதிரை?"

"ஓரமா நிக்கட்டும்னு."

"தர்காப் புறா ஐம்பதா! பிடிக்கக் கூலி இருபது ரூபா!"

"அவன் மேல போற நேரத்துக்குச் சரியா எல்லாத்தையும் திறந்து விட்டா, சுத்திலும் வெள்ளை வெள்ளையாப் பறக்கும் கமரு. நினைச்சுப் பாரேன்."

நினைத்துப் பார்த்தாள் போலிருக்கிறது, அவள் கையிலிருந்த வெற்றிலை சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு கேட்டாள்: "பறக்கிறது எந்தப் பக்கம் பறக்கும்னு யாருங்க சொல்றது?"

"அல்லாதான்."

"அப்ப அவன்கிட்டயே விட்டுடுங்க." பென்சிலை வாங்கிப் புறாக்களை அடித்தாள். குதிரையை அடித்தாள். பிரியாணியை அடித்து, வீட்டிலிருந்து இட்லி என்று எழுதினாள். நானூற்றுச் சொச்சத்தில் இருந்த கணக்கு இருநூற்றிருபதுக்கு வந்து நின்றது. அதற்குமேல் அடிக்க ஒன்றுமில்லை. எழுபது ரூபாய் துண்டு விழுந்தது.

"விழட்டும்" என்றார் நஜிமுதீன். "பதினெட்டு வருஷமா அந்த அன்னத்தையே எடுத்துட்டேன். ஒரே ஒரு படம், மனசுக்குப் பிடிச்சது எடுத்துட்டுப் போறேனே."

அவள் எழுந்து போய்த் தன் கைப்பெட்டியைத் திறந்தாள். "உங்க மனசுக்காக இல்லை" என்றாள் முதுகைக் காட்டிக்கொண்டே. "அந்தப் பிள்ளை கால்சட்டையைச் சுருட்டிக் காட்டுச்சே, அப்ப அது முகத்தைப் பார்த்தேன். அதுக்காக."

கோபுரத்துக்குத் தெற்கே, வாழைத்தோட்டத்தை ஒட்டி, பழைய வாழையை வெட்டியெடுத்த வெற்றிடம் ஒன்றை நஜிமுதீன் பார்த்து வைத்திருந்தார். அது ஸௌரிராஜ ஐயங்காருடையது. தைரியராஜையும் கூட்டிக்கொண்டு கேட்கப் போனார். ஐயங்கார் திருமண்ணும் மடித்துக் கட்டிய வேட்டியுமாகத் தோட்டத்திலேயே நின்று, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பேஷா எடுத்துக்கோங்கோ. காசு கீசெல்லாம் வேண்டாம். என் வாழை படத்துல நன்னாத் தெரியணும், அது போறும்." சொல்லிவிட்டுத் திடீரென்று நிமிர்ந்தார். "ஏன் பாய், இவன் கோபுரத்துக்கு மேலே போவானோ?"

"படத்துல அப்படித் தெரியும் சாமி."

"அப்போ இவன் கால் எம்பெருமான் கோபுரத்துக்கு மேலேன்னா வரும்?"

நஜிமுதீன் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தார். ராவும் பகலும் அந்தப் படத்தையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு இந்த ஒன்று மட்டும் தோன்றவேயில்லை. குர்ஆன் இருக்கும் திசையில் தன் வீட்டில் யாராவது காலை நீட்டினால் அவருக்கே பொறுக்காது. ஐயங்கார் கேட்டதில் என்ன தப்பு? மணல், மூங்கில், கேமராவுக்குக் கொடுத்த அச்சாரம் எல்லாம் கண்முன்னே வந்து போயின.

அதுவரை வாயே திறக்காத தைரியராஜ் சொன்னான்: "மேல போறப்ப கால் கீழ இருக்காதுங்க சாமி. தலைதான் கீழ இருக்கும். காலு ரெண்டும் ஆகாசத்தைப் பார்த்து இருக்கும்."

"என்னடா கூத்து இது?"

"காட்டறேங்க." செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு தென்னையடியில் கையை ஊன்றித் தலைகீழாக நின்றான். ஐயங்கார் அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கோபுரத்தைப் பார்த்தார், அவன் தலையைப் பார்த்தார், உள்ளங்காலைப் பார்த்தார்.

"சிரசு எம்பெருமான் பக்கம். பாதம் அந்தண்டை." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சேவிச்சுண்டே போறான்னு சொல்லுங்கோ! யார் பெத்த பிள்ளையோ, நன்னாயிருக்கட்டும். வாழையை மறந்துடாதீங்கோ பாய்."

மாசி கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம். காவேரிப் பக்கமிருந்து வந்த பனி இன்னும் போகவில்லை. வாழையிலைகளெல்லாம் நனைந்து கிடந்தன. வண்டிக்காரர்கள் கொட்டிவிட்டுப் போன மணல் வெள்ளையாய்க் குவிந்திருந்தது. தைரியராஜ் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு நேராக வந்திருந்தான், நெற்றியில் தொட்டுக்கொண்ட தீர்த்தம் இன்னும் காயவில்லை. பனி மெல்லக் கலையக் கலைய, கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. யாரோ ஒருவர் தூங்குவது போலவும், அவரை எழுப்பிவிடக் கூடாது என்பது போலவும் எல்லோருமே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"மூணு தடவைதான் பாய்" என்றான் தைரியராஜ், முழங்காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே. "நாலாவதுக்குக் கால் இருக்காது."

முதலாவது சும்மா, இடம் பார்ப்பதற்கு. வாடகைக் கேமராவுக்கும் பின்னால் ஒரு தேய்த்த கண்ணாடி இருந்தது. நஜிமுதீன் பள்ளத்தில் இறங்கி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். கண்ணாடியில் கோபுரம் மேலேயிருந்து தொங்கியது. வாழைகள் தொங்கின. கீழ்ப்பாதி முழுக்க வெளிச்சம், வெறும் ஆகாசம். தைரியராஜ் ஓடிவருகிற சத்தம் கேட்டது. கம்பு ஊன்றிய சத்தம். அப்புறம், மேலே தொங்கிய பூமியிலிருந்து ஓர் ஆள் கழன்று, மெதுவாக இறங்கி வந்து, அந்த வெளிச்சத்தில் நேராக நின்றான். தலை மேலே, கால் கீழே, ஆகாசமே தரை. எத்தனை நேரம் நின்றிருப்பான்? கண் இமைக்கிற நேரம்கூட இருக்காது. நஜிமுதீனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. துணிக்குள்ளேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"சரியா இருந்துச்சா பாய்?" என்று மணலிலிருந்து கேட்டான் தைரியராஜ்.

"ம். ம்..." என்றார். வேறு பேச்சு வரவில்லை.

இரண்டாம் தடவைக்கு பிலிமைச் செருகினார். இனிக் கண்ணாடி மறைந்துவிடும், வெறும் கண்ணால் பார்த்துத்தான் அமுக்க வேண்டும். தைரியராஜ் ஓடிவந்தான். எழும்பினான். கால்கள் மேலே போயின. கோபுரத்துக்கு நேர் மேலே வந்துவிட்டான். அந்த நேரத்தில் நஜிமுதீன் என்ன செய்தார் தெரியுமா? பதினெட்டு வருஷப் பழக்கம் தொண்டையில் உட்கார்ந்திருந்தது. அது அவரைக் கேட்கவேயில்லை.

"அசையாம இருங்க!"

தோட்டம் அதிர்ந்தது. தென்னையிலிருந்து காக்கைகள் எழும்பின. அந்தரத்தில் தலைகீழாக இருந்த தைரியராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் பிடி நழுவி, குச்சியையும் தட்டிக்கொண்டு தாறுமாறாக வந்து விழுந்தான். விழுந்தவன் மணலில் உருண்டு உருண்டு சிரித்தான். "பாய், அங்க எப்படி பாய் அசையாம இருக்கறது!" சிரித்துக்கொண்டே எழுந்தவன் வலது காலை ஊன்றியதும் முகம் சுருங்கி, மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

நஜிமுதீன் பள்ளத்திலிருந்து ஏறி ஓடினார். அவருக்கு அழுகை வந்தது. "வேண்டாம் தம்பி, போதும். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். உன் காலை விட எனக்குப் படம் பெரிசில்லை."

"எனக்குப் பெரிசு பாய்" என்றான் தைரியராஜ். சிரிப்பு போய்விட்டிருந்தது. "நீங்க பள்ளத்துக்குப் போங்க."

மூன்றாம் தடவை நஜிமுதீன் கைக்குட்டையைச் சுருட்டித் தன் வாயில் திணித்துக்கொண்டார். அவன் நொண்டிக்கொண்டுதான் ஓட ஆரம்பித்தான். பாதி தூரம் வந்தபின் நொண்டல் காணாமல் போயிற்று, எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. கம்பு ஊன்றியது. பனி முழுக்க விலகி, வெயில் கிழக்கேயிருந்து சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அவன் எழும்பி, மடங்கி, நிமிர்ந்து, கால்கள் ஆகாசத்தைப் பார்க்க ஒரே கோடாக ஆனபோது நஜிமுதீன் அமுக்கினார்.

அவனை மணலிலிருந்து வண்டிக்குத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

படம் விழுந்திருந்தது. அட, என்னமாய் விழுந்திருந்தது! கழுவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது கமர் ஜஹான் "மாஷா அல்லாஹ்" என்றாள். கீழே வாழை, நடுவே கோபுரம், கோபுரத்துக்கு மேல் அது நானூறு வருஷமாகக் காத்திருந்த கலசம் போலத் தைரியராஜ். மதராஸுக்கு ஒரு பிரதி அனுப்பினார். தைரியராஜுக்கென்று பெரிதாக ஒன்று போட்டு, சட்டம் அடித்து, பொன்மலைக்கு அவரே தூக்கிக்கொண்டு போனார்.

தைரியராஜ் கட்டிலில் காலை நீட்டியபடி வெகுநேரம் பார்த்தான். "நல்லாயிருக்கு பாய்" என்றான். "ரொம்ப நல்லாயிருக்கு. கீழேயிருந்து பார்க்கறவங்களுக்கு இப்படித்தான் தெரியும் போல."

அவ்வளவுதான். மரியாதைக்காரன், அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நஜிமுதீன் பதினெட்டு வருஷமாக முகங்களைப் பார்க்கிறவர் அல்லவா? தேடிப் போனது கிடைக்காதவன் முகம் அது. தன் காலையே கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக வேறு யாருடைய பொருளையோ வாங்கிக்கொண்டவன் முகம். திரும்பி வருகிற பஸ்ஸில் நஜிமுதீன் அந்த முகத்தையே நினைத்துக்கொண்டு வந்தார். என்ன குறை என்று மட்டும் பிடிபடவேயில்லை.

சித்திரை மலர் வந்த அன்று காலை ஜங்ஷனுக்கே போய், ரயில்வே புத்தகக் கடையில் கட்டைப் பிரிக்கும்போதே ஒன்றை வாங்கினார். அட்டையைப் பார்த்தார். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கோபுரம் இல்லை. வாழை இல்லை. மணல் இல்லை. நீல வர்ணம் பூசிய ஆகாசம், அதில் தைரியராஜ் மட்டும். அவனும் தலைகீழாக இல்லை! தலை மேலே, கால் கீழே, வெறும் ஆகாசத்தில் நெட்டுக்குத்தாக நின்றான். மூங்கில் கம்பு அவன் கையிலிருந்து மேலே எங்கோ போயிற்று. முடி மட்டும் உச்சியை நோக்கி எழும்பி நின்றது. படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது தபால்காரர் மணியார்டரோடு காத்திருந்தார். கூப்பனில் உதவி ஆசிரியர் நுணுக்கி எழுதியிருந்தார். வருஷப் பிறப்பு மலருக்குப் பாதியில் நின்ற கோபுரம் மங்களமாக இராது என்பதால் நீக்கிவிட்டோம். மேலும் தங்கள் படம் தலைகீழாக வந்திருந்ததை எங்கள் ஓவியர் கவனித்துச் சரிசெய்தார். இனி கவனமாக அனுப்பவும்.

"கவனமாவா!" நஜிமுதீன் கத்தினார். "பள்ளம் தோண்டினேன், மணல் கொட்டினேன், அந்தப் பிள்ளை காலை உடைச்சேன், என்னைக் கவனமா அனுப்பச் சொல்றான்!"

கமர் ஜஹான் அட்டையைக் கையில் வாங்கி, தூரப் பிடித்துப் பார்த்தாள். "நாம காசு கொடுத்தது ஒண்ணுகூட இதுல இல்லீங்க" என்றாள் மெதுவாக. "ஆகாசம் மட்டும்தான் இருக்கு. அதுக்குத்தான் நீங்க ஒரு பைசா கணக்கெழுதலை."

நஜிமுதீனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐயங்காருக்கு வாழையைப் பற்றி என்ன சொல்வது என்பதுகூட அவருக்குக் கவலையில்லை. தைரியராஜின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் கவலை. ஏற்கெனவே ஏமாந்த பிள்ளை. இப்போது ஊரே பார்க்க அவனைத் திருப்பி நிறுத்திக் கேலிக்கூத்தாக்கியாகிவிட்டது. பத்திரிகைக்காரனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுக் கடுதாசி எழுதலாம் என்று உட்கார்ந்தார். இரண்டு வரிகூட எழுதியிருக்கமாட்டார், வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது.

தைரியராஜ் கைத்தடியோடு இறங்கினான். ஒரு கக்கத்தில் பத்திரிகை. மறு கக்கத்தில், துணியில் சுற்றி, அவர் சட்டமடித்துக் கொடுத்த பெரிய போட்டோ.

"தம்பி, மன்னிச்சுக்கப்பா" என்று எழுந்தார் நஜிமுதீன். "அந்த மடையனுங்க..."

"பாய், இதுதான்."

"என்னது?"

தைரியராஜ் பத்திரிகையை மேஜைமேல் வைத்து, அட்டையைக் கையால் நீவினான். "இதுதான் பாய், மேல இருக்கறது. அங்க போனதும் நான் தலைகீழா இருக்கேன்னு எனக்குத் தோணவே தோணாது. நான் நேராத்தான் நிப்பேன். பூமிதான் எங்கேயோ மேல தொங்கிக்கிட்டிருக்கும். கால் வலிக்காது. சத்தம் கேக்காது. காலுக்குக் கீழ ஆகாசம் மட்டும்தான் இருக்கும். பன்னெண்டு வருஷமா இதை யாருக்கும் எனக்குச் சொல்லத் தெரியலை." அவன் கண் நிறைந்துவிட்டது, அதைத் துடைக்கவும் இல்லை. "அந்தப் பத்திரிகைக்காரங்களுக்கு எப்படி பாய் தெரிஞ்சுது?"

நஜிமுதீன் எழுதத் தொடங்கியிருந்த கடுதாசியைப் பார்த்தார். பிறகு மூலையில் கறுப்புத் துணி போர்த்தி நின்ற தம் பழைய கேமராவைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியும் தம்பி" என்றார். "அன்னைக்கு முதல் தடவை தாண்டினியே, கண்ணாடியில நீ இப்படித்தான் வந்து நின்னே. இதே மாதிரி. எனக்குப் பேச்சே வரலை."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாய்!"

"கண்ணாடியில தெரியறது நிஜமில்லைன்னுல்ல நினைச்சேன். பதினெட்டு வருஷமா தினம் பார்க்கறேன். தினமும் மனசுக்குள்ள திருப்பிப் போட்டுக்கிட்டே இருந்துட்டேன்."

கடைவீதியில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கமர் ஜஹான் உள்ளேயிருந்து தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அட்டையை இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

தைரியராஜ் துணியைப் பிரித்துப் பெரிய போட்டோவை எடுத்தான். "கோவிச்சுக்காதீங்க பாய். இதை நான் இன்னும் வீட்ல மாட்டலை. இப்ப மாட்டணும். கொக்கியை மட்டும் இந்தப் பக்கம் மாத்திக் கொடுங்க." சட்டத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினான்.

நஜிமுதீன் அவனைப் பார்த்தார். "கோபுரம் தொங்குமேப்பா. ஐயங்கார் சாமி பார்த்தா என்ன சொல்லுவாரு?"

"என் கால் கோபுரத்துக்குக் கீழதானே பாய் இருக்கும்!"

நஜிமுதீன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே திருப்புளியைத் தேடி எடுத்து, சட்டத்தைக் குப்புறப் போட்டு, மேலே இருந்த கொக்கியைக் கழற்றினார். அடிப்பக்கத்தில் இடம் பார்த்து முறுக்கினார். திருப்பி, இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தார்.

"இப்படித்தானே?"

"அப்படித்தான் பாய்" என்றான் தைரியராஜ். பிறகு, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவருடைய குரலிலேயே ஓர் அதட்டல் போட்டான். "அசையாம இருங்க!"

நஜிமுதீன் அசையாமல் நின்றார். அவன் பார்த்து முடிக்கும்வரை, கை கடுக்கக் கடுக்க அப்படியே நின்றார்.